குதிகாலுக்கு அடியில் நாலு விரல்

எனக்குப் பெண் பார்த்தபோது நான் போர்ட் பிளேரில் இருந்தேன், பெண் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் இருந்தாள். கப்பலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வர லீவு கிடைக்காது. ஆகவே ஸ்டூடியோவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பினேன். அதில் நான் ராஜா மாதிரி இருந்தேன். கல்யாணத்துக்குப் போய் மாதா கோயில் வாசலில் வண்டியை விட்டு இறங்கி நின்றபோதுதான் பெண் வீட்டாருக்கு விஷயம் தெரிந்தது. பெண் என்னைவிட ஒரு தலை உயரம்.

"தாலி கட்டுறப்ப ஸ்டூல் போட்டாவளா?" என்று நான் வேலை பார்த்த கப்பல்துறை ஜெட்டியில் என்னைக் கேட்காதவர் கிடையாது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவளுக்குச் சிரிப்புதான் வரும். "உக்காந்த போட்டோவ அனுப்பி ஏமாத்திட்டிய" என்பாள். ஆனால் அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தில் ஏமாந்த களை ஒருநாளும் இருந்ததில்லை. நல்ல மனுஷி.

பத்துபஸ்தியில் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கைச் சரிபார்த்துக் கோடவுனுக்கு அனுப்பும் குமாஸ்தா வேலை எனக்கு. அவள் ஊரிலேயே டீச்சர் ட்ரெயினிங் முடித்தவள். தீவுக்கு வந்த மறு வருஷமே சிப்பிகாட் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்கு அவளைத் தற்காலிகமாகப் போட்டார்கள். வங்காளத்திலிருந்து வந்து குடியேறி நெல் போட்டவர்களின் பிள்ளைகள், ராஞ்சிக்காரர்களின் பிள்ளைகள், நம்மவர்கள் நாலைந்து பேர் என்று கலந்துகட்டின வகுப்பு. அவளுடைய இந்தியைக் கேட்டு முதலில் பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாள். அப்புறம் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி "தீதி, தீதி" என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே சுற்ற ஆரம்பித்தார்களாம். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கையில் சாக்பீஸ் தூளும், பையில் யாராவது ஒரு பிள்ளை கொடுத்த கொய்யாப்பழமும் இருக்கும். ராத்திரிச் சோறு இறங்குகிறவரைக்கும் அந்தப் பிள்ளைகள் கதைதான்.

எல்லாம் நன்றாக இருந்தது, பஸ்ஸைத் தவிர. எங்கள் தீவில் சூரியன் விடியற்காலையிலேயே எழுந்து வேலையை ஆரம்பித்துவிடும். பள்ளிக்கூடமும் அதோடு ஆரம்பித்துவிடும். பஸ் மட்டும் மெயின்லேண்ட் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சாவகாசமாக வரும். வந்தாலும் நிற்க இடமிருக்காது, இடமிருந்தால் ஏற்றத்தில் எஞ்சின் கொதித்து நின்றுவிடும். அவள் போய்ச் சேரும்போது பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் சந்தை மாதிரி கத்திக்கொண்டிருப்பார்கள். ஹெட்மாஸ்டர் கெட்டவரல்ல. பல தடவை பொறுத்துப் பார்த்தார். கடைசியில் மழைக்காலத்தில் ஒருநாள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: பூஜை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும்போது மணியடிக்கும் முன்னால் வந்து நிற்க வழி பண்ணிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அந்த ஊரிலேயே இருக்கும் யாரையாவது போடச் சொல்லி மேலே எழுதுவார்.

சிப்பிகாட்டில் குடியிருக்கலாம் என்றால் என் வேலைக்கு ஒத்துவராது. கப்பல் எப்போது வந்தாலும் நான் ஜெட்டியில் நிற்க வேண்டும். அவள் மட்டும் அங்கே தனியாகத் தங்குவதற்கு எங்கள் சொந்தக்காரர்கள் யாரும் சம்மதிக்கவில்லை. நானும் சம்மதிக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஆகவே ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, நானே அவளைக் காலையில் கொண்டுபோய் விட்டுவிட்டு ஜெட்டிக்குத் திரும்புவது என்று முடிவு செய்தோம். அதுவரை நான் சைக்கிளைத் தவிர வேறொன்றும் ஓட்டியதில்லை. அந்தச் சைக்கிளையும் பெடலில் நின்று குதித்துத்தான் ஏறுவேன்.

தீவில் அப்போது மோட்டார் சைக்கிள் விற்கிற கடை எதுவும் கிடையாது. யாராவது ஒரு ஆபீசர் மாற்றலாகிப் போக வேண்டும். கட்டில், பீரோ, கோழிக்கூண்டு, வண்டி எல்லாவற்றையும் விற்றுவிட்டுத்தான் கப்பலேறுவார். ஆகவே தீவில் ஒவ்வொரு வண்டிக்கும் அதைக் கொண்டுவந்தவரின் பெயர்தான். ஃபாரஸ்ட்காரர் வண்டி, டாக்டர் வண்டி, ஒயர்லெஸ்காரர் வண்டி. யாருக்கு டிரான்ஸ்ஃபர் வந்திருக்கிறது என்று ஜெட்டியில் இருப்பவனுக்கு முதலில் தெரிந்துவிடும். அந்த ஒரு விஷயத்திலாவது எனக்கு யோகம்.

முதலில் பார்த்தது ஃபாரஸ்ட்காரர் வண்டி. அவர் டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையில் குடியிருந்தார். சண்டைக்காலத்துப் பட்டாள வண்டி, கறுப்பு, ஒரு எருமை அளவுக்கு இருந்தது. நானும் அவளும் போயிருந்தோம். கடிகாரத்தைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு, வேலிக் கல்லில் கால் வைத்து ஏறி உட்கார்ந்தேன். இரண்டு காலும் அந்தரத்தில் ஊசலாடின. ஒரு பக்கமாகச் சாய்ந்தால்தான் ஒரு கால் விரல் தரையில் படும். அவள் என்ன செய்தாள் தெரியுமா? புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அப்படியே குனிந்து, மற்றக் காலின் குதிகாலுக்கும் தரைக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தாள்.

"நாலு விரக்கட தாராளமாப் போகுதுங்க. இன்னும் நாலு விட்டாலும் போகும்" என்றாள்.

அந்த நேரம் பார்த்து வண்டி சாய ஆரம்பித்தது. அதை நிறுத்த எனக்குக் காலும் இல்லை, பலமும் இல்லை. எருமை சேற்றில் படுப்பது மாதிரி அது நிதானமாகப் படுத்தது, நானும் அதன் பக்கத்தில் படுத்தேன். அவள்தான் தூக்கி நிறுத்தினாள், வண்டியையும் என்னையும். ஃபாரஸ்ட்காரரின் டிரைவர் ஒரு பிகார்காரர், சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பாபு, காடி ஊஞ்சா ஹை" என்றார். வண்டி உயரமாம். நான் குட்டை என்று சொல்லாமல் வண்டி உயரம் என்று சொன்னாரே, அந்த மரியாதைக்காக அவரை நான் இன்னும் மறக்கவில்லை. ஸ்கூட்டர் வாங்கலாமே என்று ஆபீசர் சொன்னார். சிப்பிகாட் ரோட்டில் அப்போது சின்னச் சக்கரத்தை விட்டால் முதல் குழியிலேயே அது போய்ச் சேர்ந்துவிடும்.

அதற்கப்புறம் டாக்டர் வண்டி. சிவப்பு, ஒல்லியான உடம்பு, சத்தமும் மெதுவாகத்தான். ஏறி உட்கார்ந்ததும் அவள் வழக்கம்போலக் குனிந்தாள்.

"ரெண்டு விரக்கடதான். அடி தடிமனா ஒரு செருப்பு போட்டியன்னா சரியாப் போவும்."

டாக்டரும் அவர் மனைவியும் வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. ஆம்பிளை, பொம்பளை மாதிரி உயரச் செருப்பு போட்டுக்கொண்டா வண்டி ஓட்டுவான்? "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று இறங்கி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கோபம் ஆறுவதற்குள் சிப்பிகாட் ரோட்டு கண்ட்ராக்டர் ஒருவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இன்றைக்கும் அந்தச் சிவப்பு வண்டி என் கண்ணில் நிற்கிறது. அதில் பின் சீட்டு நீளமாக, நல்ல உயரத்தில், கால் வைக்கக் கம்பியோடு இருந்தது. அப்போது அதையெல்லாம் நான் கவனிக்கவே இல்லை. யோசித்துப் பார்த்துத்தான் இப்போது சொல்கிறேன்.

பூஜை லீவு நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் வாயைத் திறந்து ஒன்றும் கேட்க மாட்டாள். ஆனால் ஜெட்டியிலிருந்து நான் வந்ததும் செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்ப்பாள். யாருக்காவது டிரான்ஸ்ஃபர் வந்ததா என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். ஊரெல்லாம் டிரான்ஸ்ஃபருக்கு வேண்டிக்கொண்டு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள்; நாங்கள் அடுத்தவர் டிரான்ஸ்ஃபருக்கு ஏற்றினோம்.

மெழுகுவர்த்தி வீண்போகவில்லை, ஒயர்லெஸ்காரருக்கு ஆர்டர் வந்தது. அவருடையது பழைய சீமை வண்டி, பச்சை நிறம். மூன்று விரற்கடை. இனி காத்திருக்க நேரமில்லை என்று வாங்கிவிட்டேன். உயரத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஏரோடிரோமுக்குப் போகிற வழியில் ஒரு தெலுங்குக்காரர் லாரி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் கொண்டுபோய், "எனக்குக் கால் தரையில் ஊன்ற வேண்டும், என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்" என்று சொன்னேன். அவர் செய்தார். முன் சீட்டின் தேங்காய் நார் மெத்தையைப் பிடுங்கிவிட்டு மெல்லிய கம்பளித் துண்டை வைத்துத் தைத்தார். பின்பக்கத்து ஸ்பிரிங் இரண்டையும் ரம்பத்தால் அறுத்துக் குட்டையாக்கினார். வண்டி குந்தி உட்கார்கிற மாதிரி பின்பக்கம் தாழ்ந்தது.

ஏறி உட்கார்ந்தேன். அவள் குனிந்தாள். கையை ஒரு பக்கம் விட்டுப் பார்த்தாள், மறுபக்கம் விட்டுப் பார்த்தாள். நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"விரல் போகல. நகங்கூடப் போகல!"

தெலுங்குக்காரருக்கும் சந்தோஷம். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் அதற்கு முன்னாலும் வரவில்லை, பின்னாலும் வரவில்லை. இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்திருக்க ஒரு எஞ்சின் மேல் உட்கார்ந்திருப்பது என்னவென்று உயரமானவர்களுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். பூசை முடிந்து சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். நான் வண்டி மேல் உட்கார்ந்திருந்தேன். அவள் பக்கத்தில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள்.

லீவு முழுவதும் ஏரோடிரோம் ஓரத்து ரோட்டில் ஓட்டிப் பழகினேன். என்றைக்காவது ஒரு விமானம் வரும், மற்றபடி மாடுகள்தான். முதலில் மாடுகள் என்னைப் பார்த்து ஒதுங்கின. போகப்போக பயம் விட்டுப்போய் வழியிலேயே படுத்துக்கொண்டன. அந்த அளவுக்கு நிதானம் வந்துவிட்டது. நன்றாகப் பழகுகிறவரை பின்னால் ஆளை ஏற்றாதே என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் அதைத்தான் சொன்னாள்: "நீங்க நல்லாப் படிங்க. பொறவு நான் ஏறுதேன்." சரியான பேச்சுதான். யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். வேலியோரம் நின்று என் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் நிறுத்தும்போதெல்லாம் இரண்டு பாதமும் பதிகிறதா என்று பார்த்துவிட்டுத் தலையாட்டுவாள்.

பள்ளிக்கூடம் திறக்கிற அன்று கிழக்கு வெளுக்கும்போதே புறப்பட்டோம். அவள் நீலக்கரை போட்ட வெள்ளைப் புடவை கட்டியிருந்தாள். பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒரு டப்பா நிறையப் பொரிவிளங்காய் உருண்டை. நான் உதைத்து எஞ்சினைக் கிளப்பிவிட்டு, "ஏறுட்டி" என்றேன்.

ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் வண்டியின் பின்பக்கம் அப்படியே அமுங்கிப் போயிற்று. அறுத்த ஸ்பிரிங்கில் இன்னொரு ஆளைத் தாங்க என்ன இருக்கும்? மட்கார்டு இறங்கி டயரில் முட்டியது. நகர்ந்ததும் 'கர்' என்று ஒரு சத்தம். அது போதாதென்று அவள் நீளக் கால்கள் ரோட்டில் இழுபட்டன. "கால மடக்குட்டி!" என்று கத்தினேன். "மடக்கித்தான் வச்சிருக்கேன், இதுக்கு மேல எங்க மடக்க?" என்றாள். முழங்காலைத் தூக்கி, டப்பாவை மடியில் அணைத்துக்கொண்டு, ஒரு கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊர் தாண்டி முதல் ஏற்றம் வருவதற்குள் ரப்பர் கருகுகிற நாற்றம் வந்துவிட்டது.

இறங்கினாள். அவள் இறங்கியதும் மட்கார்டு மேலே எழும்பிக்கொண்டது, சத்தம் நின்றுவிட்டது. நான் மட்டும் உட்கார்ந்தால் வண்டி பூ மாதிரி போகிறது. அவள் ஏறினால் கத்துகிறது. இரண்டு மூன்று தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். அப்புறம் எனக்கு ஆத்திரம் வந்து வண்டியை உதைத்தேன், கால்தான் வலித்தது. கடைசியில் ஏற்றங்களில் அவள் நடக்க, இறக்கங்களில் ஏற, மிச்சத்தில் நான் தள்ள, இப்படியே போனோம். பாதி வழியில் பின்னாலிருந்து ஹாரன் சத்தம். பஸ். அவள் எந்தப் பஸ்ஸை விட்டுத் தப்ப இத்தனை பாடுபட்டோமோ அதே பஸ். நிற்க இடமில்லாமல், நிற்காமல், எங்களைத் தாண்டிப் போயிற்று. ஜன்னலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நாங்கள் போனபோது பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஹெட்மாஸ்டரே அவள் வகுப்பில் நின்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் சாக்பீஸை மேஜை மேல் வைத்துவிட்டு வெளியே போனார். ஏசியிருந்தால்கூடத் தேவலை என்று அவள் அப்புறம் சொன்னாள். பொரிவிளங்காய் உருண்டையை அன்றைக்கே பிள்ளைகளுக்குக் கொடுத்துத் தீர்த்துவிட்டு வந்தாள்.

தெலுங்குக்காரரிடம் ஓடினேன். அவர் ஸ்பிரிங்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏக் ஆத்மி கா காடி ஹோ கயா, பாபு" என்று உதட்டைப் பிதுக்கினார். ஒரே ஆளுக்கான வண்டியாகிவிட்டதாம். அறுத்த இரும்பை ஒட்ட முடியாது. அந்தச் சீமை வண்டிக்கு ஸ்பிரிங் கல்கத்தாவிலோ மெட்ராஸிலோ கிடைத்தால், யாராவது வாங்கிக் கொடுத்தால், கப்பலில் வந்தால் உண்டு. ஜெட்டியில் வருகிற கப்பலிலெல்லாம் தெரிந்த மாலுமிகளிடம் சொல்லி அனுப்பினேன். சிமெண்டு வந்தது, உருளைக்கிழங்கு வந்தது, யாருக்கோ ஒரு ஹார்மோனியம்கூட வந்தது. எனக்கு ஸ்பிரிங் வரவே இல்லை. அதற்குள் சிப்பிகாட்டிலேயே குடியிருந்த ஒரு வங்காளிப் பெண்ணை அந்த வகுப்புக்குப் போட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணும் நல்ல பெண்தானாம், பிள்ளைகளை அடிக்க மாட்டாளாம். இதையும் அவள்தான் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. நானும் உள்ளே போகவில்லை.

நான் அந்த வண்டியை வருஷக்கணக்காக ஓட்டினேன். அதைப்போலச் சௌகரியமான வண்டி குட்டையான ஒருவனுக்கு உலகத்தில் கிடைக்காது. "உமக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்று ஜெட்டியில் சொல்வார்கள். யாராவது அப்படிச் சொன்னால் அன்றைக்கு எனக்கு வேலையே ஓடாது. அவளிடம் படித்து வளர்ந்துவிட்ட பையன்கள் சில பேர் கடைத்தெருவில் "தீதி" என்று ஓடிவந்து அவள் காலைத் தொடுவார்கள். ஒவ்வொருவன் பெயரையும் சொல்லி அவள் விசாரிப்பாள். நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு தள்ளி நிற்பேன். அவர்கள் போன பிறகு நான் வண்டியில் வீட்டுக்குப் போவேன், அவள் காய்கறிப் பையோடு நடந்து வருவாள். வேறு இடத்தில் வேலை கேட்டுப் பார்த்தோம், கிடைக்கவில்லை. அவளுக்கு வாய்த்த வகுப்பு அது ஒன்றுதான்.

எழுபதுகளில் மெயின்லேண்டுக்கே திரும்பிவிடுவது என்று தீர்மானித்தோம். தீவு வழக்கப்படி கட்டிலையும் பீரோவையும் விற்றோம். இப்போது அந்தப் பச்சை வண்டி என் பெயரில் 'ஜெட்டிக்காரர் வண்டி' ஆகியிருந்தது. கேள்விப்பட்டு ஒருநாள் சாயங்காலம் ஒரு புதுத் தம்பதி வந்தார்கள். பையன் மதுரைப் பக்கம், டெலிபோன் ஆபீசில் வேலை. என் உயரம்தான் இருப்பான். வண்டி ஓட்டிப் பழக்கமில்லை, எங்கே போனாலும் கால் எட்டமாட்டேன் என்கிறது என்றான். பெண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளைக் காலை ட்யூட்டிக்குக் கொண்டுபோய் விட வேண்டுமாம்.

பையன் ஏறி உட்கார்ந்தான். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் அறிவேன். "சார், நல்லா ஊணுது சார்! இதையே எடுத்துக்கிறேன்" என்றான்.

என் மனைவி டீ டம்ளர்களைக் கொண்டுவந்து படியில் வைத்தாள். அந்தப் பெண்ணைப் பார்த்து, "தாயி, நீ மொதல்ல பின்னால ஏறி உக்காரு" என்றாள்.

"எதுக்குங்க்கா? அவருக்குத்தான் கால்..."

"அவருக்கு எட்டும், அது தெரியும். நீ ஏறு."

அந்தப் பெண் கூச்சத்தோடு ஏறி உட்கார்ந்தாள். வண்டி அமுங்கியது. என் மனைவிக்கு அப்போது முழங்கால் வலி, குனிந்தால் நிமிர்வது கஷ்டம். ஒரு கையைச் சீட்டில் ஊன்றிக்கொண்டு குனிந்தாள். அந்தப் பெண்ணின் செருப்புக்கும் தரைக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தாள். அப்புறம் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே விட்டுப் பார்த்தாள்.

"விரல் போகல, பாத்தியா? வேற வண்டி பாருங்க தம்பி" என்றாள். பையனுக்கு முகம் தொங்கிப் போயிற்று. டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். வண்டியைக் கடைசியில் தெலுங்குக்காரரிடமே பழைய இரும்பாகப் போட்டோம்.

ஒரு வார்த்தை என்னைக் குற்றம் சொல்லி அவள் அன்றைக்கும் பேசவில்லை. டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றேன். ஃபாரஸ்ட்காரர் வீட்டில், டாக்டர் வீட்டில், ஒயர்லெஸ்காரர் வீட்டில், எல்லா இடத்திலும் அவ்வளவு உயரத்திலிருந்து அவள் எனக்காகக் குனிந்தாள். ஒரே ஒரு தடவை அவளைப் பின்னால் உட்காரவைத்து நான் குனிந்து பார்த்திருக்கலாம். எனக்கு அதிகம் குனியவும் வேண்டியிருந்திருக்காது.